நுனிக்கு ஒரு சொட்டு

அக்கா, செத்துப்போன பிறகு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தாள். ஜன்னலோரம் வெயில் விழுகிற இடத்தில், தரையில் கிடந்த பழைய மெத்தைத் துண்டின் மேல் வழக்கம்போல உட்கார்ந்து, தங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள்.

சின்னவள் அப்போது தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. நியாயமாக அலறியிருக்க வேண்டும். ஆனால் பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அக்கா அந்த இடத்தில் அப்படித்தான் உட்காருவாள். சின்னவள் பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, சடையைப் பிரித்து, நுனிக்கு எண்ணெய் வைப்பாள். பழக்கத்தில் உடம்பு அலற மறந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அக்காவின் தலை மொட்டையாக இருந்தது. மருந்து ஏற்றிய கடைசி மாதங்களில் இருந்த அதே மொட்டை. பிடரியில் அந்தச் சின்ன மச்சம்கூட அப்படியே.

"என்னடி வேடிக்கை பாத்துட்டு இருக்க? நுனியெல்லாம் வறண்டு, வெடிச்சு வெடிச்சு நிக்குது. ஒரு சொட்டு எண்ணெய் வையேன்."

"நுனி எங்கக்கா இருக்கு?"

"அங்கதான், ஆபீஸ்ல. ஆனா அரிப்பு மட்டும் இங்க வருது."

அக்கா கையைப் பின்னால் கொண்டுபோய், இல்லாத சடையின் இல்லாத நுனியை, இடுப்புக்குக் கீழே காற்றில் சொறிந்தாள். சொரசொரவென்று சத்தம் மட்டும் கேட்டது.

அங்கே என்றால் பொதுக் கூந்தல் காப்பகம். சிகிச்சை தொடங்கப்போகிறவர்கள் முடி கொட்டுவதற்கு முன்பே சடையை வெட்டி அங்கே வைத்துவிடலாம். அவரவர் முடியிலேயே அவரவருக்கு விக் செய்து தருவார்கள். அக்கா மூன்று முழச் சடையை வெட்டிக் கொடுத்துவிட்டு, அந்த மஞ்சள் ரிப்பனோடே அதை ஒப்படைத்துவிட்டு, மொட்டைத் தலையோடு காத்திருந்தாள். கோப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அவளை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பிய அன்று சாயங்காலம் கதவிடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது: "தங்கள் விக்கிற்கு அளவெடுக்க வேண்டியுள்ளதால், தலையுடன் நேரில் வரவும்."

சின்னவள் பதில் போடவில்லை. சடையை வெட்டிய நாளிலிருந்தே எண்ணெய்ப் பாட்டிலைத் தொடவில்லை. அவளுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. விரலில் துளி எண்ணெய் இருந்தாலும் கண்ணாடியில் ரேகை விழுந்துவிடும். வாரத்தில் ஆறு நாள் சோப்பு, ஞாயிறு மட்டும் எண்ணெய் என்றுதான் அவள் கைகள் வாழ்ந்துவந்தன. இப்போது ஏழு நாளும் சோப்பு.

மறுநாள் கடையில் லீவு சொல்லிவிட்டுக் காப்பகத்துக்குப் போனாள்.

நீளமான கட்டடம். உள்ளே நுழைந்ததும் பழைய எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. "உங்கள் முடி, எங்கள் பொறுப்பு" என்று சுவரில் எழுதியிருந்தது. பொதுமக்களுக்கு வெறும் மர பெஞ்சு. அதிகாரிகளின் நாற்காலிகளில் மட்டும் புசுபுசுவென்று திண்டுகள். ஆனாலும் ஓர் அதிகாரிகூட அரை நிமிஷம் சேர்ந்தாற்போல அசையாமல் உட்காரவில்லை. நெளிந்தார்கள், ஒருக்களித்தார்கள், எழுந்து உட்கார்ந்தார்கள். பொறுப்பின் கனம் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் எண் ஜன்னலில் இருந்தவர் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா."

"எங்க அக்காவோட சடை இங்க இருக்கு. நுனி ரொம்ப வறண்டு போச்சு. கொஞ்சம் எண்ணெய் வெச்சிட்டுப் போலாம்னு..."

"வறண்டு போச்சுன்னு யார் சொன்னது?"

"அக்காதான்."

"அப்ப அவங்களையே வரச் சொல்லுங்க. வெச்சவங்க நேர்ல வந்தா சடையவே திருப்பிக் குடுத்துடுவோம். எண்ணெயை வீட்லயே வெச்சுக்கலாம்."

"அவங்க இறந்துட்டாங்க."

ஜன்னல்காரர் பேனாவை நிறுத்தினார். "இதைச் சொன்னது இறக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"முன்னாடின்னா வாய்மொழிப் புகார், நாலாம் நம்பர் ஜன்னல். பின்னாடின்னா..." படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பின்னாடிக்கு எடம் விடல. 'இதர'ன்னு போட்டுக்கறேன்." எழுதிவிட்டு, நெளிந்து உட்கார்ந்தார். "காலையிலேர்ந்து இது ஒன்பதாவது இதர."

பிறகு அவர் விளக்கினார். காப்பகத்தில் எந்தச் சடையும் வறள வாய்ப்பே இல்லை. மாதாமாதம் முதல் திங்கட்கிழமை தேங்காய் எண்ணெயும் பாதாம் எண்ணெயும் கலந்து, ஆமணக்கு எண்ணெய் கொஞ்சம் சேர்த்து, இளஞ்சூட்டில் வைக்கிறார்கள். அப்படியே வறண்டிருந்தால் அடுத்த வார வெள்ளிக்கிழமை வருடாந்தர ஆய்வில் தெரிந்துவிடும்.

"தெரிஞ்சா எண்ணெய் வெப்பீங்களா?"

"தெரிஞ்சா மறுபயன்பாடும்மா."

"அப்படின்னா?"

ஜன்னல்காரர் பாதி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த திண்டைத் தட்டிக் காட்டினார். "உள்ள முழுக்க முடிதான். நல்லா மெத்துன்னு இருக்கும். ஆனா என்னமோ அரிச்சுக்கிட்டே இருக்கு."

அக்கா யாருக்கும் தலை வணங்கிப் பேசியதில்லை. அவள் சடை மேல் ஒருவர் ஓய்வு பெறும்வரை உட்காரப்போகிறார்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர், கழுத்தில் அளவு நாடா தொங்கவிட்ட ஐம்பது வயதுக்காரர், குனிந்து கேட்டார். "நீங்களும் இதரவாம்மா?"

"ஆமாண்ணே."

"என் வீட்டுக்காரி. சாயங்காலம் லைட் போடற நேரத்துக்கு வருவா. தையல் மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு நுனி, நுனின்னு ஒரே நச்சு. உசுரோட இருந்தப்போகூட இவ்வளவு பேசினதில்ல." ஊசி குத்திக் குத்திப் பொருக்கு விழுந்த விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்க இருக்கற திண்டு எல்லாம் நான் தைச்சதுதான்."

சின்னவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. அவளோடதும் ஒரு நாள் கழிவுல போயிடும்னு தெரிஞ்சப்புறம்தான் இந்த வேலைய எடுத்தேன். யார் மேல யார் உக்கார்றாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

பெஞ்சில் இருந்த எல்லோருடைய படிவங்களிலும் அதே கட்டத்தில் அதே சொல் எழுதியிருந்ததைச் சின்னவள் பார்த்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், எல்லோரும் சுவர் வாசகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

'இதர' வகையினருக்குச் சடைக் கூடத்தைச் சுற்றிப் பார்க்கும் உரிமை உண்டு. எண்ணெய்ப் பிரிவு மேற்பார்வையாளர் அவளை அழைத்துப் போனார். கையில் நீண்ட கம்பு, அதன் முனையில் ஒரு கிண்ணம்.

கூடம் இரண்டு மாடி உயரம். மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள், கம்பிகளில் கொக்கிகள், கொக்கிகளில் சடைகள். கருப்பு, பழுப்பு, நரை, பள்ளிக்கூடப் பிள்ளையின் எலிவால் ஒன்று. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சடைகள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. உலர்ந்த புல்லை யாரோ உள்ளங்கையில் கசக்குவதுபோல ஒரு சத்தம் உச்சியிலிருந்து விடாமல் வந்தது.

"என்ன சத்தம் ஐயா?"

"காத்தும்மா."

"ஜன்னல் சாத்தியிருக்கே?"

"வெளிக்காத்து இல்ல. நம்ம காத்து."

மூன்றாவது வரிசையில் மஞ்சள் ரிப்பன் தெரிந்தது. அக்கா நடக்கும்போது அந்த ரிப்பன் இடுப்புக்குக் கீழே அசைந்தாடிக்கொண்டு போகும். இப்போது அது கூரைப் பக்கம் இருந்தது. ரிப்பன் வளையத்தைக் கொக்கியில் மாட்டியிருந்தார்கள். நுனி மேலே, கத்தரித்த அடிப்பகுதி கீழே. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து மற்ற சடைகளையும் பார்த்தாள். எல்லாமே அப்படித்தான். அடிப்பகுதிகள் எண்ணெயில் ஊறி, சொட்டுச் சொட்டாகத் தரையில் வடிந்துகொண்டிருந்தன. நுனிகள் மேலே வைக்கோலாக விறைத்து, இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்து நின்றன.

"ஐயா, இதெல்லாம் தலைகீழா தொங்குதே."

மேற்பார்வையாளர் புன்னகைத்தார். புதிதாக வருகிறவர்கள் இப்படித்தான் என்பதுபோல. "கொக்கி எங்கம்மா இருக்கு?"

"மேல."

"மாட்டறதுக்கு வளையம் எதுல இருக்கு?"

"ரிப்பன்ல."

"அப்போ ரிப்பன்தானே மேல இருக்கணும்?" கம்பை உயர்த்தி, கிண்ணத்து எண்ணெயில் அக்காவின் சடை அடியை முக்கி, ஐந்துவரை எண்ணினார். "அப்புறம் எண்ணெய் தானா ஏறிடும். வெளக்குத் திரியில ஏறல?"

"ஒரு விரக்கடை ஏறும் ஐயா. இது மூணு முழம்."

"இருபத்திரண்டு வருஷமா முக்கறேன். ஏறலன்னு ஒரு சடையாவது வந்து எங்கிட்ட சொல்லியிருக்கா?"

மேலே சத்தம் கொஞ்சம் பலமாயிற்று. "காத்து" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

நுனிகள் இருந்த உயரத்தில் கூடத்தைச் சுற்றி ஒரு நடைமேடை ஓடியது. அது ஆய்வுப் பிரிவுக்குச் சொந்தம். சின்னவள் இரும்புப் படியேறிப் போனாள். ஆய்வாளர் அம்மாள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு நுனியை லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நுனியெல்லாம் வறண்டிருக்கு இல்ல?"

"படுமோசம். வருஷா வருஷம் எழுதறேன்."

"நீங்களே ஒரு சொட்டு எண்ணெய் வெச்சிடலாமே?"

"நான் ஆய்வுப் பிரிவும்மா. எண்ணெயத் தொட்டா நடுநிலைமை போயிடும்."

"கீழ இருக்கறவர்கிட்ட சொல்லலாமே, வேற முனையில வெக்கறீங்கன்னு?"

ஆய்வாளர் அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "கீழ வேற பிரிவு. அடுத்த பிரிவுல என்ன நடக்குதுன்னு குனிஞ்சு பாக்கறது நல்லாவா இருக்கும்?"

வியாழக்கிழமை இயக்குநரின் நேர்காணல் கிடைத்தது. இயக்குநரின் நாற்காலியில் மூன்று திண்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அதனால் அவர் எல்லோரையும்விட உயரமாக இருந்தார், எல்லோரையும்விட அதிகமாக நெளிந்தார். காதோரம் மிச்சமிருந்த முடியை நீளமாக வளர்த்து, வழுக்கையின் மேல் அக்கறையாகப் பரப்பியிருந்தார். சின்னவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மேடையில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"அம்மா, இந்தக் காப்பகத்தில் தலைகீழ் என்று எதுவும் கிடையாது. நாங்கள் மாட்டியிருக்கும் விதம்தான் நேர். இன்றைக்கு நான் ஒரு சடையைத் திருப்பி மாட்டினால் என்ன ஆகும்? இத்தனை வருஷம் தவறு செய்தோம் என்று ஆகும். நாங்கள் தவறு செய்யவில்லை. அதற்கு ஆதாரம், நாங்கள் இதுவரை எதையுமே மாற்றவில்லை என்பதுதான்."

"நுனி வறண்டு போறது..."

"எங்களுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தானே ஆய்வுப் பிரிவையே வைத்திருக்கிறோம். எண்ணெய் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தப் பிரிவில் இருக்கும் பதினோரு பேர் எங்கே போவார்கள்? அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது." அவர் குரல் தழுதழுத்தது. "நம்பி வைத்த ஒரு முடியைக்கூட இந்தக் காப்பகம் தெருவில் வீசியதில்லை. கடைசிவரை எங்கள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறோம். எந்த நாட்டில் இப்படி ஒரு பாசம் இருக்கிறது, சொல்லுங்கள்?"

சொல்லிவிட்டு இடுப்பைச் சொறிந்துகொண்டார். அவளுக்கு இருந்தது ஓர் உரிமை மட்டும்தான். ஆய்வுக்கு முந்தைய புதன்கிழமை, உறவினர் நடைமேடையில் நின்று சடையின் நுனியை ஒரு நிமிஷம் தொட்டு அடையாளம் சொல்லலாம். எண்ணெய், சீப்பு, பஞ்சு, துணி எதுவும் கொண்டுபோகக் கூடாது. வாசலில் பை சோதிக்கப்படும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தபோது சின்னவள் ஸ்டூலில் அழுதுகொண்டிருந்தாள்.

"மூக்க உறிஞ்சாதடி. என்ன சொன்னாங்க?"

"வெள்ளிக்கிழமை கழிச்சுடுவாங்கக்கா. நீ திண்டாயிடுவ."

"யாருக்கு?"

"தெரியல. பெரியவருக்கா இருக்கலாம்."

"அந்தாளுக்கா? தொடைய ஆட்டிக்கிட்டே இருப்பானே. மருந்து ஏத்தினப்போ வந்த வாந்தி மறுபடி வந்துடும்." அக்கா காற்றைச் சொறிந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "சரி, சும்மா உக்காந்து என்ன பண்ணப்போற? எண்ணெயாவது வை."

"எங்க வெக்கறது?"

"இருக்கற மாதிரி நினைச்சுக்கிட்டு வை. ஐயோ, பாட்டில்லேர்ந்து நேரா ஊத்தாதேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்! பிசுபிசுன்னு தொங்கும். உள்ளங்கையில ரெண்டு சொட்டு. ரெண்டு கையையும் சேத்து சூடு வர்றவரைக்கும் தேய். அப்புறம் நுனிய உள்ள வெச்சு மூடு. அவ்வளவுதான். முடி தானா குடிச்சுக்கும்."

சின்னவள் இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்தாள். வெயிலில் எண்ணெய் உருகி ரேகைகளுக்குள் இறங்கியது. கைகளைக் கூப்பியபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, பையைத்தான் சோதிப்பாங்களாம்."

அக்காவின் கை சொறிவதை நிறுத்தியது.

புதன்கிழமை காலை அவள் கைகளைக் கூப்பிக்கொண்டே பஸ்ஸில் நின்றாள். கம்பியைப் பிடிக்காமல் தள்ளாடியவளைப் பார்த்து, யாருக்கோ உடம்பு சரியில்லை, பாவம், வேண்டிக்கொள்கிறாள் என்று ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். காப்பக வாசலில் பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். குடை, சாப்பாட்டு டப்பா, உருப்பெருக்கிக் கண்ணாடி. விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் ஜன்னலில் கையெழுத்துக் கேட்டார்கள். பேனா பிடித்தால் எண்ணெய் போய்விடும். "கை வலி, ரேகை வெச்சுடறேன்" என்றாள். மை தொடாமலே காகிதத்தில் கட்டைவிரல் ரேகை கண்ணாடிபோல விழுந்தது. ஜன்னல்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மையில்லாமயே இவ்வளவு சுத்தமா விழுந்து நான் பாத்ததில்லம்மா" என்று மெச்சிக்கொண்டார்.

நடைமேடையில் மணி அடித்தது. ஒரு நிமிஷம்.

மஞ்சள் ரிப்பனுக்கு மேலே பிதுங்கி நின்ற நுனியை அவள் உள்ளங்கைகளுக்குள் வைத்து மூடினாள். முதலில் துடைப்பத்தைத் தொட்டதுபோல் குத்தியது. பிறகு முடி குடிக்க ஆரம்பித்தது. தாகத்தோடு வந்த பசு தொட்டியில் வாய் வைத்ததுபோல், அப்படி ஓர் இழுப்பு. விரல்களுக்கு எல்லாம் நினைவிருந்தது. எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எந்தப் பிளவைச் சேர்த்து உருட்ட வேண்டும், எங்கே விட வேண்டும். கூடத்தின் அந்த உலர்ந்த சத்தத்தில் ஒரே ஓர் இழை மட்டும் நின்றுபோனது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

கையில் இன்னும் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருந்தது. அடுத்த கொக்கியில் பழுப்பு நூல் கட்டிய சடை. தன் மனைவியுடையது என்று தையல்காரர் காட்டியிருந்தது. சின்னவள் கையை நீட்டினாள். மணி அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆய்வு. இந்த வருஷம் மூன்றாவது வரிசையின் முறை. உறவினர்கள் எல்லோரும் கூடத்தில் நின்றார்கள். ஆய்வாளர் அம்மாள் நடைமேடையில் ஒவ்வொரு நுனியாகப் பார்த்து, "சேதம்... சேதம்... சேதம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். மஞ்சள் ரிப்பனிடம் வந்து நின்றார். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நலம்" என்றார். தன் குரலே தனக்குப் புரியாததுபோல இன்னொரு தரம் சொன்னார்.

இயக்குநரை அழைத்து வந்தார்கள். அவர் படியேறி, நுனியைக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்து, கீழே இருந்த மேற்பார்வையாளரை நோக்கிக் கையை உயர்த்தினார்.

"ஏறிவிட்டது!"

மேற்பார்வையாளர் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு விம்மினார்.

"இருபத்திரண்டு ஆண்டுகள்!" என்றார் இயக்குநர். "ஏறாது, ஏறாது என்றவர்கள் எங்கே? கீழே வைத்த எண்ணெய் மேலே போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் முறை சரியென்று இந்த ஒரு சடை நிரூபித்துவிட்டது. ஆகவே மற்ற சடைகள் வறண்டிருப்பதற்குக் காரணம் அந்தச் சடைகளே. எண்ணெய் கொடுக்கப்பட்டும் அவை மேலே எடுத்துக்கொள்ளவில்லை. முயற்சியில்லாத கூந்தலுக்கு யார் என்ன செய்ய முடியும்?"

அக்காவின் சடை மாதிரிச் சடை என்று அறிவிக்கப்பட்டது. இயக்குநர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படும். மூன்றாவது வரிசையில் மற்ற முப்பது சடைகளும் கழிவு.

சின்னவள் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் அக்காவும் கழிவில் போவாள். மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற தையல்காரர் அவளைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னிக்கு நீங்க எறங்கி வர்றப்போ கையில தேங்காயெண்ணெய் வாசனை வந்துச்சும்மா."

அளவு நாடாவைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நடையைப் பார்த்தபோது, அவர் தன்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். சொறியவில்லை. ஆனால் உட்காரவும் இல்லை.

"அந்தாள் ரூம்ல நாள் பூரா ஏசிடி. பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்கான். ஒரு மாசத்துல மறுபடி வறண்டுடும். பெட்டிக் கண்ணாடியில மொகத்தப் பாத்துத் தல வாரிக்கறான், நாலு முடிய வெச்சுக்கிட்டு."

"மன்னிச்சுக்கோக்கா."

"எனக்கென்ன, நான் அவனப் பாத்துக்கறேன். எனக்கு அவனே எண்ணெய் வெப்பான், வெக்க வெக்கறேன் பாரு. நீ இவங்களப் பாரு." அக்கா வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள். "முப்பது பேர் வந்திருக்காங்க. உள்ள வரச் சொல்லட்டுமா?"

அவர்கள் வந்தார்கள். மத்தியான வெயிலில், நிழலில்லாமல். ஜன்னலோரத்திலிருந்து சமையலறை வரை, வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டார்கள். மொட்டைத் தலைகள். ஒரு சின்னப் பெண் யாருடைய மடியையோ தேடி நகர்ந்து உட்கார்ந்தாள். எல்லோர் கைகளும் பின்னால் வந்து காற்றைச் சொறிந்தன. அறை முழுக்கக் கூடத்தின் அந்தச் சத்தம்.

சின்னவள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். பாதிதான் இருந்தது. எண்ணெய் போதும். கைதான் போதாது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தையல்காரரின் கடைக்கு ஓடினாள். பாட்டிலை மெஷின் மேல் வைத்து, புதன்கிழமை செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"எத்தன சொட்டு?" என்று கேட்டார்.

கழிவுச் சடைகளுக்கு ஒரு மேல்முறையீடு உண்டு என்று தையல்காரருக்குத் தெரியும்; அன்றிரவே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். திங்கட்கிழமை உறவினர் இன்னொரு முறை தொட்டுப் பார்க்கலாம், செவ்வாய்க்கிழமை மறு ஆய்வு. இதுவரை யாரும் வந்ததில்லை என்பதால் அந்த விதியை ஜன்னல்காரர் தேடித்தான் எடுத்தார்.

திங்கட்கிழமை காலை மூன்றாம் ஜன்னல் முன்னால் வரிசை வாசல்படிவரை நின்றது. முப்பது பேர். முப்பது பேரும் கைகளைக் கூப்பியிருந்தார்கள். சின்னவளும் நின்றாள், கேட்க ஆளில்லாத ஒரு நரைச் சடைக்காக. படிவத்தில் உறவு என்ற இடத்தில், பக்கத்துச் சடையின் தங்கை என்று சொல்லி எழுத வைத்திருந்தாள். முன்னால் தையல்காரர் நின்றார். அவர் கூப்பிய கைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல்காரர் தலை நிமிர்ந்தார். கூப்பிய கைகளின் நீண்ட வரிசையைப் பார்த்தார். அவருடைய முகம் என்னவோபோல் ஆயிற்று. மெதுவாக எழுந்து நின்று, தானும் கைகூப்பினார்.

"இத்தன வருஷத்துல முதல் தடவ" என்றார். கையெழுத்து வேண்டாம், ரேகை போதும் என்றார். அவருக்குப் பின்னால் மற்ற ஜன்னல்களிலும் எழுந்து நின்றார்கள். பையைக்கூட யாரும் சோதிக்கவில்லை.

முதல் ஐந்து பேர் நடைமேடைக்கு ஏறினார்கள். மணி அடித்தது. உலர்ந்த சத்தத்திலிருந்து ஓர் இழை அறுந்தது, இன்னொன்று, இன்னொன்று. வரிசையில் நின்றவர்கள் தலையைச் சாய்த்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது இயக்குநர் அறைக் கதவு திறந்தது. அவர் வந்தார். வழுக்கையின் மேல் அக்கறையாகப் பரப்பிய முடி கலைந்து காதில் தொங்கியது. முகம் வெளுத்திருந்தது. கூப்பிய கைகளையோ எழுந்து நின்ற அதிகாரிகளையோ அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. நேராக ஜன்னல்காரரிடம் போனார். மேடைக்குரல் காணாமல் போயிருந்தது.

"யார்கிட்டயாவது தேங்காயெண்ணெய் இருக்கா? ஒரு சொட்டு போதும். உள்ள ஒரு பொம்பள கேட்டுக்கிட்டே இருக்காங்க."

ஜன்னல்காரரின் கை பழக்கத்தில் ஒரு படிவத்தை உருவியது.

"இறக்கறதுக்கு முன்னாடியா கேட்டாங்க, பின்னாடியா ஐயா?"

இயக்குநர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து, சின்னவளிடம் நின்றார். எண்ணெய் வாசனை அந்த இடம் முழுக்க இருந்தது. அவர் மூக்கை உறிஞ்சினார்.

"எண்ணெய் உள்ள கொண்டு வரக் கூடாதுங்களே ஐயா" என்றாள் சின்னவள்.

வரிசையில் ஒருவரும் கையைத் திறக்கவில்லை.